கடலோர நடைபாதையில் மூன்று குடில்கள்: இறவாரம் வைப்பதா, விடுவதா?

1. வரைகோல்

வணக்கம். கடற்கரையை ஒட்டிச் செல்லும் நான்கு நாள் நடைபாதை ஒன்றுக்கு மூன்று சிறு குடில்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் இரவு தங்க வேண்டும். முதல் இடம் பாறைமுனை. இரண்டாவது மணல்மேடுகளுக்கு நடுவே. மூன்றாவது ஒரு கழிமுகத்தின் மேட்டுக்கரை. எதற்கும் சாலை கிடையாது. பொருள்கள் படகில் வந்து, மீதித் தூரம் தோளில் வர வேண்டும்.

இப்போதைய வரைபடம் இது: ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம், மரச்சட்டம், பலகைச் சுவர், இருபக்கச் சரிவுக் கூரை, நான்கு புறமும் 60 சென்டிமீட்டர் இறவாரம். கடலைப் பார்த்த சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. இணைப்புகள் எல்லாம் துத்தநாக முலாம் பூசிய எஃகு. உள்ளே அடுப்பு மேடையும் அடுக்குப் படுக்கைகளும். வெளியே, கழிவை மட்கவைத்து உரமாக்கும் கழிப்பறை.

இறவாரத்தில்தான் மனம் ஒப்பவில்லை. கூரை சுவரைத் தாண்டி நீள்வது மழைக்குக் குடை என்று கற்றிருக்கிறேன். காற்றுக்கு அதுவே பிடிமானம் என்று கணக்கு சொல்கிறது. கடலோரத்தில் கட்டியவர்கள், கட்டியதைப் பராமரித்தவர்கள், தங்கியவர்கள் எல்லாரும் சொல்லுங்கள். வரைபடத்தை அடியோடு மாற்றவும் தயாராக இருக்கிறேன்.

2. நெடுநடை

தங்கியவள் என்ற முறையில் முதலில் வருகிறேன். இறவாரம் பற்றி எனக்குத் தெரியாது. கதவைப் பற்றித் தெரியும்.

நாள் முழுக்கக் காற்றில் நடந்து, உடுப்பு நனைந்து, விரல் மரத்து ஒரு குடிலை அடைகிறோம். அந்த நேரத்தில் கண்ணுக்குக் கடல் தேவையில்லை. முதுகுப்பையை இறக்கக் காற்றுப் படாத ஓர் இடம், உட்கார்ந்து காலணியைக் கழற்ற ஒரு திட்டு, சொட்டும் மழையுடுப்பை மாட்ட ஓர் ஆணி. இந்த மூன்றும் வாசலுக்கு வெளியே, கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டுப் பேரும் ஈரத்தோடும் மணலோடும் உள்ளே நுழைவோம். அரை மணி நேரத்தில் குடில் சேறாகிவிடும்.

கண்ணாடிச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பொழுது சாய்ந்த பிறகுதான் பெரும்பாலும் வந்து சேர்கிறோம். விளக்கேற்றியதும் அந்தப் பெரிய கண்ணாடி கறுப்புச் சுவராகிவிடுகிறது. அதில் நம் முகம்தான் தெரியும். அதன் பக்கத்தில் படுப்பவருக்குக் குளிர்.

3. விசைக்கோடு

கணக்கைப் போட்டுவிடுகிறேன், அதன் மேல் பேசலாம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். பாஸ்கலில் வேண்டுமானால், நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதனாலேயே பெருக்கி 0.613 ஆல் மீண்டும் பெருக்குங்கள். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் காற்றுக்கு 980 பாஸ்கல் வரும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை. உங்கள் கூரை 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே உறிஞ்சும் விசையும் உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்ந்தால் மொத்தம் இரண்டரை டன் மேல்நோக்கி இழுக்கும். மரக்கூரையின் சொந்த எடை ஒரு டன்னைத் தாண்டாது. மீதி ஒன்றரை டன்னைக் கீழே பிடித்து வைப்பது உங்கள் ஆணிகளும், கூரையைச் சுவரோடு கட்டும் எஃகுப் பட்டைகளும்தான்.

இது சராசரி. விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் இதைப்போல் இரண்டு மடங்கு வரை போகும். இறவாரம் இருப்பதும் அங்கேதான். சுவரில் மோதிய காற்று அடியிலிருந்து அதை நெம்புகிறது, மேலே ஓடும் காற்று அதே நேரத்தில் உறிஞ்சுகிறது. கூரை பிய்ந்த கட்டடங்களில் பெரும்பாலும் பிய்தல் விளிம்பில்தான் தொடங்கியிருக்கும்.

பாறைமுனைக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கடலிலிருந்து வரும் காற்று சரிவில் ஏறும்போது நெருக்கப்பட்டு, உச்சி விளிம்பில் வேகமெடுக்கும். வேகம் 20 விழுக்காடு கூடினால் அழுத்தம் 44 விழுக்காடு கூடிவிடும். குடிலை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளத்தில் வைத்தால், எந்தப் பட்டையும் தராத பாதுகாப்பு கிடைக்கும்.

இருபக்கச் சரிவைக் கைவிட்டு நாற்புறச் சரிவாக்குங்கள், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில். தட்டைக் கூரையை விடவும், முக்கோணச் சுவருள்ள கூரையை விடவும் புயலில் அது நன்றாக நின்றிருக்கிறது.

4. உளிக்காரர்

அம்மா, முப்பது ஆண்டுகளாக மரவேலை செய்கிறேன். இறவாரத்தை எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும்.

மரத்துக்கு எதிரி தண்ணீர் இல்லை. நின்றுவிட்ட தண்ணீர். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சை அதைத் தொடாது. படகு மரம் தண்ணீரிலேயே கிடந்தும் நிலைக்கிறது. அதே மரத்தைச் சன்னல் தலைப்பில் காற்றுப் போகாமல் அடைத்து வைத்தால் ஐந்தாறு ஆண்டில் விரலால் கிள்ளி எடுக்கலாம். இறவாரம் இல்லாத சுவரில் ஒவ்வொரு மூட்டும் மழையை நேராக வாங்கும். சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு தவறு செய்தால் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

கணக்கில் வராத ஒன்று உண்டு. வேலை செய்பவன் கை. படகிலிருந்து பலகை சுமந்து வந்தவன் மாலை மங்கலில் அடிக்கும் கடைசிப் பட்டை எப்படி இருக்கும் என்று யோசித்து வரைய வேண்டும். இறவாரம் அந்தக் கையின் பிழையை மன்னிக்கும்.

5. சாவிக்கொத்து

பராமரித்தவன் நான். கடலிலிருந்து 200 மீட்டர் தொலைவில் ஒரு குடிலை ஒன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். உளிக்கார அண்ணன் சொன்ன பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் கண்டதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குடிலில் நல்ல அகலமான இறவாரம் இருந்தது. முதலில் துருப்பிடித்தது அதன் அடியில் இருந்த பட்டைகள். நேராக மழையில் நனைந்த தெற்குச் சுவரின் திருகாணிகள் ஏழாம் ஆண்டிலும் எளிதாகக் கழற்ற வந்தன. நிழலில், மழை படாத இடத்தில் இருந்தவை தலை உடைந்து வந்தன. எனக்கு முதலில் இது விளங்கவே இல்லை. பிறகு ஒரு வறண்ட காலத்தில் இறவாரத்தின் அடிப்பலகையைக் கையால் தடவினேன். வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்தேன், உப்பு.

கடற்காற்று உப்பை எல்லா இடத்திலும் பூசுகிறது. மழை பட்ட இடத்தில் அது கழுவிப் போகிறது. மழை எட்டாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, இரவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பை விடாமல் நனைத்து வைக்கிறது. உள்நாட்டில் கூரை மரத்தைக் காக்கும். கடலோரத்தில் மழைதான் இரும்பைக் காக்கிறது.

புயல் ஒரு நாள் வந்து போகும். உப்பு தினமும் வரும். ஒன்றரை டன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதாக விசைக்கோடு சொன்ன பட்டைகள் எங்கே இருக்கின்றன? மழை படாத இறவாரத்தின் அடியில்.

6. விசைக்கோடு

சாவிக்கொத்து சொன்னது இந்த உரையாடலின் திருப்பம் என்று நினைக்கிறேன். எண்ணைச் சேர்த்துவிடுகிறேன்.

அரிப்புச் சூழலை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தில் கடுமையான கடலோரம் சி5 வகையில் வரும். அங்கே துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை கரையும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த தடித்த எஃகின் மேல் பூச்சு சுமார் 85 மைக்ரான் இருக்கும். ஆக, 10 முதல் 20 ஆண்டு. கடையில் பளபளப்பாகக் கிடைக்கும் மின்முலாம் திருகாணியில் பூச்சு 5, 10 மைக்ரான்தான். ஓரிரு ஆண்டில் தீர்ந்துவிடும். இரண்டையும் "முலாம் பூசியது" என்றே எழுதி விற்கிறார்கள். வரைபடத்தில் "துத்தநாக முலாம்" என்று மட்டும் எழுதினால் எது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது.

எனவே மறைவான இணைப்புகளுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்குகிறது. 304 வகை கடலோரத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகாணி போட்டால் நடுவே நைலான் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் உப்பு நீர் இரண்டையும் மின்கலம் ஆக்கி அலுமினியத்தைத் தின்றுவிடும். செம்பு சேர்ந்த மரப்பாதுகாப்பு மருந்து ஏற்றிய பலகைக்கும் சாதாரண முலாம் ஆணி ஆகாது.

எட்டுப் பேர் குடிலில் திருகாணியின் எடை மொத்தமே சில பத்துக் கிலோதான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

7. பழங்கூரை

இந்தக் கேள்விக்கு வேறு இடங்களில் விடை தேடியவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் "கறுப்பு வீடு" என்று ஒரு பழைய வகை உண்டு. சாந்து இல்லாமல் அடுக்கிய இரட்டைக் கல்சுவர், நடுவே மண். கூரை வெளிச்சுவரைத் தாண்டி நீள்வதில்லை. உட்சுவரின் மேலேயே நின்றுவிடுகிறது. மழைநீர் சுவரின் நடுமண்ணுக்குள் இறங்கி அதைக் கெட்டியாக்கிக் காற்றை அடைக்கிறது. மூலைகள் வட்டம். வைக்கோலைக் கயிறு போட்டு, கயிற்றின் முனையில் கல்லைத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்லாண்டிக் காற்றுக்கு நேர்முகமாக வாழ்ந்தவர்கள் இறவாரமே வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, வடக்குக் கலிபோர்னியாவில் உள்ள சீ ராஞ்ச் என்ற கடலோரக் குடியிருப்புப் பகுதி. நிலத்திட்டத்தை வகுத்த லாரன்ஸ் ஹால்ப்ரின் முதலில் காற்றை ஆராய்ந்தார். அங்கே பழைய சைப்ரஸ் வேலிமரங்களைக் கடற்காற்று சாய்வாகச் சீவி வைத்திருந்தது. 1965 இல் மூர், லிண்டன், டர்ன்புல், விட்டேக்கர் என்ற கட்டடக் கலைஞர்கள் நால்வரும் கட்டிய முதல் குடியிருப்பின் கூரைகள் அந்தச் சாய்வையே பின்பற்றின. இறவாரம் இல்லை. வண்ணம் பூசாத ரெட்வுட் மரப் பலகைகள் மழையை நேராக வாங்கி வெள்ளி நிறமாயின. அங்கே பணிபுரிந்த இன்னொரு கட்டடக் கலைஞர் ஜோசப் எஷெரிக் தம் வீடுகளை வேலிமரங்களின் மறைவில் ஒட்டி வைத்தார். கடல் முகப்பில் நிற்கும் வீட்டை விட அவற்றின் முன்முற்றத்தில் உட்கார்வது எளிது.

நம் நெய்தல் நிலத்துத் தாழையும் காற்றுக்குச் சாய்ந்துதானே வளர்கிறது. இடத்தைப் பார்க்கப் போகும்போது புதர்களின் சாய்வைப் பாருங்கள். பல ஆண்டுக் காற்றுக் குறிப்பு அதில் எழுதியிருக்கும்.

8. வரைகோல்

நன்றி. சாவிக்கொத்து எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று இத்தனை காலம் நம்பியிருக்கிறேன்.

உளிக்கார ஐயா, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். இறவாரம் இல்லாமல் ஒரு மரச்சுவரை நீங்களே செய்ய வேண்டும் என்றால் எப்படிச் செய்வீர்கள்?

9. உளிக்காரர்

இரண்டு நாள் யோசித்தேன் அம்மா. பதில் சொல்கிறேன்.

சுவரை இரண்டாக்குவேன். உள்ளே இருப்பது உண்மையான சுவர். அதன் மேல் நீர் புகாத, ஆனால் ஆவி போகும் துணி. அதன் மேல் 25 மில்லிமீட்டர் பட்டியல், அதாவது மெல்லிய மரச்சட்டங்கள், அதன் மேல் வெளிப்பலகை. பட்டியல் போட்ட இடைவெளி அடியிலும் மேலும் திறந்திருக்க வேண்டும், பூச்சி வலையோடு. வெளிப்பலகை மழையில் நனையட்டும். பின்பக்கம் காற்று ஓடுவதால் அரை நாளில் காய்ந்துவிடும். வெளிப்பலகை ஒரு மேலுடுப்பு. கிழிந்தால் மாற்றலாம்.

பலகையைச் செங்குத்தாக அடிப்பேன், தண்ணீர் இழையோடு வழிய. கிடையாக அடித்தால் ஒவ்வொரு மூட்டிலும் நிற்கும். வெட்டுமுகம்தான் தண்ணீர் குடிக்கும் வாய், ஆகவே பலகையின் அடிமுனையைச் சாய்வாகச் சீவி, கூர்முனை வெளியே வரும்படி வைப்பேன். துளி அங்கேயே விழுந்துவிடும். கீழ் அரை மீட்டரைத் தனிப் பலகை வரிசையாக்குவேன். தெறிப்பிலும் மணலிலும் முதலில் கெடுவது அதுதான். அதை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். மறைவாணி வேண்டாம். திருகாணியின் தலை வெளியே தெரியட்டும், மழையும் கழுவும், கழற்றவும் வரும்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் தகட்டை மடித்துக் கீழே இழுத்து, பலகைக்கு முன்னே இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்துவேன். சன்னல் தலைப்புக்கும் அப்படியே.

ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசல். கூரையை வெளியே நீட்டுவதற்குப் பதிலாகக் கதவை உள்ளே தள்ளி வையுங்கள். ஒன்றரை மீட்டர் குழிவாக, மூன்று பக்கமும் சுவரோடு ஒரு திண்ணை. காற்றுக்குப் பிடி கிடைக்காது. நெடுநடை அம்மா கேட்ட திட்டும் ஆணியும் அங்கே வந்துவிடும்.

10. நெடுநடை

ஐயா, அந்தத் திண்ணைக்காக நான் கூடுதலாக ஐந்து கிலோமீட்டர் நடப்பேன்.

11. சாவிக்கொத்து

திண்ணையின் உட்கூரைக்கு மழை படாது என்பதை மறக்க வேண்டாம். அங்கே உப்பு சேரும். கதவுக் கீலும் தாழ்ப்பாளும் அங்கேதான். அவற்றை 316 இல் போட்டு, குழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து ஊற்றிக் கழுவ வசதி செய்யுங்கள். மாதம் ஒரு வாளி போதும்.

12. தாழைமடல்

தாவரங்களையும் கரையோரப் பறவைகளையும் படிப்பவள் நான். கட்டடம் பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள். நிலம் நகர்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

மண்பாறைக் கரைகள் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் ஹோல்டர்னஸ் கரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கடலுக்குப் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் 50 ஆண்டு நிற்க வேண்டிய குடிலுக்கு 100 மீட்டர் பின்னே இடம் தேட வேண்டும். அது சீராகவும் நகராது. பல ஆண்டு அசையாமல் இருந்துவிட்டு ஒரே புயலில் பத்து மீட்டர் சரியும். உங்கள் பாறைமுனை கருங்கல்லா, களிமண்ணா? களிமண் என்றால் கான்கிரீட் கடைக்கால் போடாதீர்கள். மண்ணில் திருகி இறக்கும் எஃகுத் தூண்களோ, இழுத்து நகர்த்தக்கூடிய சறுக்குக் கட்டைகளோ வையுங்கள். கரை நெருங்கும்போது குடில் பின்னே போக முடியும்.

மணல்மேட்டுக்கு வருகிறேன். கடலுக்கு முதல் வரிசையில் இருக்கும் மேட்டில் ஒரு கம்பு கூட நட வேண்டாம். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர். காலால் மிதித்து ஒரு தடம் விழுந்தால் போதும், காற்று அதில் புகுந்து பள்ளமாக அகழ்ந்துவிடும். இரண்டாம் வரிசைக்குப் பின்னே போங்கள். தரையிலிருந்து உயர்த்திய பலகை நடைபாதை போடுங்கள். பறக்கும் மணலில் பெரும்பங்கு தரையிலிருந்து அரை மீட்டருக்குள்ளேயே ஓடுகிறது. ஆகவே தளத்தை ஒரு மீட்டர் உயர்த்தி, அடியை அடைக்காமல் விட்டால் மணல் கடந்து போகும். அடைத்தால் ஒரே பருவத்தில் குடில் ஒரு புது மணல்மேட்டின் நடுவாகிவிடும்.

கழிப்பறைக்கு: மணலில் குழி வேண்டாம். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், மணல் கழிவை முழுமையாக வடிகட்டி நிறுத்தாது. அடைத்த தொட்டி வேண்டும், சிறுநீரைத் தனியே பிரிக்கும் அமைப்போடு. நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டும் கலப்பதுதான்.

கடைசியாக, அந்தக் கண்ணாடிச் சுவர். இரவில் கடலைப் பார்த்த பெரிய வெளிச்சம் கடற்பறவைக் குஞ்சுகளை வழிதவறச் செய்யும். முதல் முறை கூட்டைவிட்டுப் பறக்கும் ஷியர்வாட்டர், பெட்ரல் குஞ்சுகள் விளக்கை நோக்கி வந்து தரையில் விழுகின்றன. ஆமைக் குஞ்சுகளும் கடலை விட்டு வெளிச்சத்தின் பக்கம் ஊர்ந்து போகும். இதை மன்றாடியே கேட்கிறேன்.

13. வரைகோல்

பாறைமுனை சரளைக் களிமண். ஆகவே கான்கிரீட் இப்போதே போயிற்று.

கண்ணாடியை மட்டும் முழுவதுமாக விட மனம் வரவில்லை. நடக்க முடியாத ஒரு மழைநாளில் எட்டுப் பேர் நான்கு மரச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கடலுக்காகத்தான் அவர்கள் வந்தார்கள்.

14. நெடுநடை

முதலில் நான்தான் கண்ணாடியைக் குறை சொன்னேன். நேர்மையாக எதிர்ச்சாட்சியும் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவின் வடமுனையில், ரூவா ஹூனிஷ் என்ற இடத்தில், "லுக்அவுட்" என்று ஒரு சிறு குடில் உண்டு. முன்பு கடலோரக் காவலர்கள் கப்பல் பார்க்க வைத்திருந்த நிலையம். இப்போது மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன் பராமரிக்கிறது. 1965 இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு அது. ஏறத்தாழ நூறு குடில்களைக் கட்டணமே இல்லாமல் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குடிலின் முனையறையில் மூன்று பக்கமும் சன்னல். வெளியே நிற்கவே முடியாத காற்றில், உள்ளே உலர்ந்த சட்டையோடு உட்கார்ந்து திமிங்கிலம் தேடலாம். வரைகோல் ஆசைப்படுவது அதைத்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆசை தவறில்லை.

ஆனால் அந்தச் சன்னல்கள் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு ஏற்றவை, தரையிலிருந்து கூரை வரை போகவில்லை. படுக்கும் இடமும் வேறு.

15. விசைக்கோடு

அப்படியானால் வழி இருக்கிறது. சுவர் முழுக்க ஒரே கண்ணாடி வேண்டாம். பறந்து வரும் ஒரு கிளை அதை உடைத்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். நான் முன்பு சொன்ன இரண்டரை டன் அப்போது நான்கை நெருங்கும். எண்பது சென்டிமீட்டர் உயரத்தில், உட்காரும் பலகையின் நீளத்துக்குக் கிடையான சன்னல், நான்கு சிறு கண்ணாடிகளாகப் பிரித்து. ஒன்று உடைந்தாலும் ஒருவர் முதுகில் சுமந்து வந்து மாற்றும் அளவு. வெளியே நகரும் மரக்கதவு ஒன்று. புயலுக்கும் மூடலாம், இரவில் பறவைகளுக்காகவும் மூடலாம்.

16. தாழைமடல்

இரவில் மூடுவது வழக்கமாக வேண்டுமென்றால், உள்ளிருந்தே இழுத்து மூட முடிய வேண்டும். மழையில் யாரும் வெளியே போய் மூட மாட்டார்கள். உள்ளே விளக்கும் மங்கலான செம்மஞ்சளாக இருக்கட்டும்.

17. சாவிக்கொத்து

காற்றை வெளியே நிறுத்துவது பற்றியே பேசுகிறோம். உள்ளே விடுவது பற்றியும் பேச வேண்டும்.

தூங்கும் மனிதன் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் ஈரத்தை மூச்சிலும் தோலிலும் விடுகிறான். எட்டுப் பேர், எட்டு மணி நேரம், இரண்டரை லிட்டர். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. நனைந்த உடுப்புகள் தனி. இதெல்லாம் குளிர்ந்த கண்ணாடியிலும் தகட்டிலும் வியர்த்து, படுக்கைக்குப் பின்னால் வழிந்து, அங்கே பூஞ்சையாகிறது. நான் பார்த்துக்கொண்ட குடிலில் மெத்தைகள் கெட்டது கூரை ஒழுகியதால் அல்ல. அவை சுவரோடு ஒட்டிக் கிடந்தன. மெத்தைக்கு அடியில் பலகைகளை இடைவிட்டு அடியுங்கள், சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு கை போகட்டும்.

காற்றுத் துளைகளை மூட முடியாதபடி அமையுங்கள். மூட முடிந்தால் குளிரில் யாராவது காலுறையைத் திணித்து அடைத்துவிடுவார்கள். நான் எடுத்திருக்கிறேன். அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். ஆகவே சமையலைத் தூங்கும் அறையிலிருந்து பிரித்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் உள்ள மூன்று முனை (த்ரீ கேப்ஸ்) நடைபாதையின் குடில்களில் தூங்கும் அறைகளும் பொதுச் சமையலறையும் தனித்தனி. அந்த அளவு உங்களுக்கு வேண்டாம். ஒரு தடுப்புச் சுவரும் ஒரு கதவும் போதும். அந்த வாயு சேர்ந்தால் அலறும் கருவி ஒன்றையும் மாட்டுங்கள். தூங்கும் பக்கத்திலிருந்து வெளியே குதிக்க இரண்டாவது வழியும் வேண்டும்.

18. பழங்கூரை

முற்றிலும் திறந்த முகப்புள்ள கூடாரமும் ஒரு வழிதானே? டென்மார்க்கின் தெற்கு ஃபூனன் தீவுகளில் அப்படிப்பட்ட சிறு மரக்கூடுகள் உண்டு. வியர்வைச் சிக்கல் அடியோடு தீர்ந்துவிடும்.

19. விசைக்கோடு

உள்கடலின் மென்மையான கரைக்குப் பொருந்தும். இவருடைய பாறைமுனையில் திறந்த முகப்பு காற்றுப் பை ஆகிவிடும். கழிமுகத்தில் வேண்டுமானால் யோசிக்கலாம்.

20. வரைகோல்

தண்ணீரையும் கணக்கிட்டேன், சரிபாருங்கள். 25 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை 25 லிட்டர். இழப்புப் போக 20. ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் எட்டுப் பேருக்கு நாளுக்கு 40, அதாவது சராசரியாக நாளுக்கு 2 மில்லிமீட்டர் மழை. ஒரு மாதம் மழையே இல்லாமல் ஓட்ட 1200 லிட்டர் தொட்டி.

21. சாவிக்கொத்து

கணக்கு சரி. ஆனால் வறண்ட நாள்களுக்குப் பிறகு வரும் முதல் மழை கூரையில் படிந்த உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும். அந்த முதல் நீரைத் தனிக் குழாயில் வாங்கி வெளியே விட்டுவிட்டுப் பிறகுதான் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். இரண்டு தொட்டிகளாகப் பிரியுங்கள். ஒன்று கசிந்தாலும் மற்றது இருக்கும்.

22. வரைகோல்

மூன்று வாரமாக எழுதவில்லை. இடத்துக்குப் போயிருந்தேன். பழங்கூரை சொன்னபடி புதர்களின் சாய்வைக் குறித்துக்கொண்டேன். பிறகு குடிலின் நான்கு மூலைகளிலும் கம்பு நட்டு, துணியால் சுவர் கட்டி, கம்புகளில் நீண்ட நாடாக்களைத் தொங்கவிட்டேன். இரண்டாம் நாள் நல்ல காற்று.

நான் கதவைக் காற்றுக்கு நேர்ப்பின்னே, மறைவில் வரைந்திருந்தேன். அங்கே நாடாக்கள் சுழன்று சுழன்று சுவரையே அடித்தன. மணல்மேட்டில் அந்தப் பக்கம் ஒரே மாலைக்குள் கணுக்கால் அளவு மணல் குவிந்துவிட்டது. காற்றுக்கு இணையாக ஓடும் பக்கச் சுவரில் நாடா நேராகப் பறந்தது, தரையும் சுத்தமாக இருந்தது. கதவை அந்தப் பக்கம் மாற்றி, உளிக்கார ஐயாவின் திண்ணைக் குழிவை அங்கே வைத்துவிட்டேன்.

பாறைமுனைக் குடில் 120 மீட்டர் பின்னே, ஒரு பள்ளத்துக்குப் போகிறது, சறுக்குக் கட்டையில். அங்கிருந்து கடல் ஒரு கீற்றாகத்தான் தெரிகிறது. முனையில் கல்லால் ஒரு திட்டு மட்டும் கட்டுகிறோம். நாற்புறச் சரிவு, இறவாரம் இல்லை. நீளச் சன்னல், உள்ளிருந்து இழுக்கும் கதவோடு. சமையலுக்குத் தடுப்புச் சுவர். வரைபடத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும் எஃகின் வகை எண்ணைப் போட்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கதவு உள்ளே திறப்பதா, வெளியே திறப்பதா?

23. விசைக்கோடு

வெளியே திறந்தால் காற்று சட்டத்தோடு அழுத்தி நன்றாக அடைக்கும். உள்ளே திறந்தால் மழை புகும். நான் வெளியே என்பேன்.

24. சாவிக்கொத்து

உள்ளே. வெளியே திறக்கும் கதவைக் காற்று கையிலிருந்து பிடுங்கிக் கீலை முறித்ததை இருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை மணல் குவிந்து, உள்ளே இருந்தவர்கள் சன்னல் வழியாக வந்தார்கள். மழை புகாமல் இருக்கத்தான் திண்ணைக் குழிவு இருக்கிறதே.

25. உளிக்காரர்

உள்ளேயே வையுங்கள் அம்மா. நிலைப்படியை இரண்டு அங்குலம் உயர்த்தி, வெளிப்பக்கம் சரிவாகச் சீவிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். கீழ் அரை மீட்டர் வரிசைக்கான பலகைகளில் இருபதை இப்போதே அதே நீளத்தில் வெட்டி, துளையிட்டு, தளத்துக்கு அடியில் காற்றுப்படும்படி அடுக்கி வையுங்கள். பக்கத்தில் ஒரு டப்பாவில் அதே திருகாணிகள், அவற்றுக்குப் பொருந்தும் முனையோடு ஒரு திருப்புளி. பத்து ஆண்டு கழித்து அங்கே வருபவருக்கு நம்மில் ஒருவரையும் தெரிந்திருக்காது.

26. வரைகோல்

இருபது போதுமா ஐயா? கடல் பக்கத்துக்கு மட்டும் முப்பது வருகிறது.

27. உளிக்காரர்

அப்படியானால் முப்பது. திருப்புளி இரண்டு.